ஐஞ்சு நிமிச வேலைக்கு எவ்வளவு கேக்கிறது?

கொழும்பு ஆமர் வீதிப் பக்கம், எரிஞ்ச ஃபேன், மோட்டருக்குப் புதுசா கம்பி சுத்துற ஒரு வைண்டிங் கடையில நாலு வருசம் நிண்டுட்டுத்தான் கொட்டாஞ்சேனையில தனியா ஒரு சின்ன இடம் எடுத்தன். பாஸ் முதல்ல சொல்லித்தந்தது கம்பி சுத்துறது இல்ல, எண்ணுறது. எரிஞ்ச காயிலை வெட்டி எறிய முதல் எத்தனை சுத்து, கம்பி என்ன கேஜ் (தடிப்பு), எந்த நுனி எங்க போகுது, எல்லாத்தையும் கொப்பியில எழுது, பிறகு கை தன்ர பாட்டுல சுத்தும் எண்டுவார். (கொழும்பில கைவேலைக்காரர் எல்லாரும் பாஸ்தான், மேசன் பாஸ், தச்சு பாஸ், ஒல்லாந்தர் விட்டுட்டுப் போன சொல்.)

தனியா வந்த முதல் மாசமே அதை மறந்தன். அவசரத்தில ஃபேனை ஓடத் தொடக்கிற ஸ்டார்ட்டிங் காயிலின்ர நுனி ரெண்டையும் மாத்திக் குடுத்திட்டன், சீலிங் ஃபேன் நல்லாத்தான் சுத்துது, ஆனா மறுபக்கமா. அந்த வீட்டு அக்கா போன் எடுத்து, "தம்பி, ஃபேன் பறக்குது, காத்துதான் மேல போகுது" எண்டா. த்ரீவீலுக்குக் காசு குடுத்துப் போய் மாத்திட்டு வந்தன், அண்டைய உழைப்பு அதோட சரி.

ஆனா வேலையை விடக் கஷ்டம் விலை சொல்றது. என்னட்ட வாற ஃபேன் கனக்க எரிஞ்சதே இல்ல, கப்பாசிட்டர் (மோட்டர் ஓடத் தொடங்கத் தள்ளிவிடுற சின்னச் சாமான்) போனது, மெதுவா சுத்தும், இல்லாட்டி கையால தள்ளி விட்டாத்தான் ஓடும், 2.5 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் ஒண்டு போட்டா ஐஞ்சு நிமிசத்தில முடிஞ்சுது. அதுக்குக் கூலி கேக்கேக்க ஆக்கள் பாக்கிற பார்வை இருக்கே! வெக்கத்தில சாமான் காசு மட்டும் வாங்கி எத்தனை பேரை அனுப்பியிருப்பன்.

2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல, சோல்டரிங் அயன் சூடாக்கவே வழியில்ல. எண்டாலும் புதுசு வாங்கேலாத விலை, அதால எறியிற சாமான் எல்லாம் கடைக்கு வந்துது, சார்ஜ் ஃபேன்தான் கூட, பட்டரி செத்துப்போய். அப்பதான் வாய் திறக்கப் பழகினன், ஸ்குருவில கை வைக்க முதலே "பாக்கிறதுக்கு இவ்வளவு, செய்தா அது கூலியில கழியும்" எண்டு.

சொந்தக்காரரிட்டத்தான் இன்னும் வாய் வருதில்ல. போன கிழமை மாமி மூண்டு ஃபேனைக் கொண்டுவந்து வச்சிட்டு, டீயும் குடிச்சிட்டுப் போனா.