நடுநெற்றி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அப்பாவின் ரெக்கார்ட் பிளேயருக்குப் பெல்ட் வந்துவிட்டது. ஊசி இருக்கிற கார்ட்ரிட்ஜ் நாளைக்கு வருமாம்.

பதினெட்டாம் பெருக்கு. அம்மா புளிசாதம், தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் என்று கிளறி வைத்திருந்தாள். வயிறு நிறையச் சாப்பிட்டும் ஒரு மணி நேரத்தில் மறுபடி பசி. காதுக்குக் கொடுத்த மாத்திரை அப்படித்தான் செய்யும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தூக்கமும் கெடும் என்றார், கெட்டுவிட்டது. இரவு இரண்டு மணிக்கு அப்பாவின் பிளேயரை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பழைய பெல்ட் தார் மாதிரி உருகித் தட்டின் அடியில் ஒட்டிக் கிடந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் சுரண்டி எடுத்ததில் விரல் பத்தும் கறுப்பு.

ஆகஸ்ட் 4, திங்கள்

கார்ட்ரிட்ஜ், ஆடியோ டெக்னிகா விஎம்95இ. பின்பக்கம் நான்கு பின்கள், நான்கு ஒயர்கள்: வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை. வெள்ளையும் நீலமும் இடது, சிவப்பும் பச்சையும் வலது. தலைமுடி கனமே உள்ள ஒயர்களை டுவீசரில் பிடித்துச் செருகுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. வெள்ளை மட்டும் கொஞ்சம் தளர்வாக இருப்பதுபோல் பட்டது.

ஊசி தட்டின் மேல் உட்காரும் எடை 2 கிராம் இருக்க வேண்டும். கால் பவுன்! நகை நிறுக்கிற சின்னத் தராசை அண்ணன் மகன் கொண்டு வந்திருந்தான். பின்னால் உள்ள எடைக்கட்டியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி 2.00 வந்ததும் மூச்சு விட்டேன். எடை குறைந்தால் பள்ளத்தில் ஊசி துள்ளும், துள்ளுகிற ஊசிதான் ரெக்கார்டைக் கெடுக்கும். அப்பா எடை பார்த்தே இருக்க மாட்டார், கையால் தூக்கிப் பார்த்து “சரி” என்று வைத்திருப்பார்.

பிரீ ஆம்ப் இன்னும் வரவில்லை. பொறுக்க முடியாமல் பிளேயர் ஒயரை நேராக ஹெட்போன் ஆம்பில் செருகினேன். எறும்பு பாடுவது மாதிரி இருந்தது. ஊசியிலிருந்து வருவது நாலு மில்லிவோல்ட்தான், வேறென்ன கேட்கும். அதோடு ரெக்கார்ட் வெட்டும்போதே கீழ் ஸ்வரங்களைக் குறைத்து மேல் ஸ்வரங்களை ஏற்றித்தான் வெட்டுகிறார்கள், 1954லிருந்து அதற்கு ஒரே கணக்கு. அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டு, குறைத்ததை ஏற்றி, ஏற்றியதைக் குறைக்க நடுவில் அந்தப் பெட்டி வேண்டும்.

எங்கே எவ்வளவு குறைந்தது என்று தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 5

ஏழாம் நாள். மூன்று மாத்திரை.

ஆகஸ்ட் 6, புதன்

அண்ணன் மகன் ரிட்சி தெருவுக்குப் போய் பிரீ ஆம்ப் வாங்கி வந்தான். எல்லாவற்றையும் மாட்டி, ரெக்கார்ட் போடாமல் ஹெட்போனை வைத்தேன். “ம்ம்ம்” என்று ஓர் இரைச்சல். கழற்றினேன். அப்போதும் “ம்ம்ம்”. வைத்தால் இருக்கிறது, கழற்றினாலும் இருக்கிறது. இது ஒயரிலா, எனக்குள்ளேயா? பிளக்கைப் பிடுங்கினேன், நிற்கவில்லை. ஃப்ரிட்ஜை அணைத்தேன், நிற்கவில்லை. வேர்த்துவிட்டது.

அவனிடம் கொடுத்து “இதுல ஏதாவது இரையுதா பாரு” என்றேன். “ஆமா சித்தப்பா, ரெண்டு பக்கமும் நல்லா இரையுது” என்றான். பிளேயரின் பின்னால் ஒரு மெல்லிய ஒயர் எங்கேயும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது, எர்த் ஒயர். அதன் நுனிக் கொக்கியை பிரீ ஆம்பின் திருகுக்கு அடியில் வைத்து இறுக்கினோம். “இப்ப சுத்தமா இல்ல” என்றான்.

வலது பக்கம் சுத்தமாக இல்லைதான். கிணறு மாதிரி அமைதி.

இடது பக்கத்து இரைச்சலுக்கு எந்தத் திருகை இறுக்குவது? இதை அவனிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

முதல் ரெக்கார்ட். அப்பாவின் நாகஸ்வர எல்பி. உறையின் மூலையில் அவர் கையெழுத்து: மூர் மார்க்கெட், 1979, ரூ. 12.

மோனோ ரெக்கார்ட். இதில் பள்ளம் பக்கவாட்டில் மட்டும்தான் நெளியும். ஆனால் ஸ்டீரியோ ஊசி மேலும் கீழும் ஆடுவதையும் சேர்த்துப் பிடிக்கும், தூசியும் கீறலும் அந்த வழியாகவே நிறைய வந்து சேரும். பிரீ ஆம்பில் உள்ள மோனோ பட்டனை அழுத்தினால் இரண்டு பக்கமும் ஒன்றாகி, மேல்கீழ் ஆட்டம் தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடும். பட்டனை அழுத்தாமல் கேட்டால் காதைச் சுற்றிக் கடுகு வெடிக்கிறது. அழுத்தியதும் பாதி அடங்கிவிட்டது. அந்த அடக்கத்துக்கு நடுவில் நாகஸ்வரக்காரர் மூச்சை இழுப்பது கேட்டது. ஸ்பீக்கரில் இத்தனை வருஷமாக ஒருநாளும் கேட்டதில்லை!

மோனோவில் இரண்டு காதுக்கும் அட்சரம் பிசகாமல் ஒரே சத்தம் போகிறது. அப்படிப் போனால் நாகஸ்வரம் நடுநெற்றியில் நிற்க வேண்டும். என் தலையில் அது வலது காது மடலுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஹெட்போனை மாற்றி மாட்டினேன். அப்போதும் வலது.

ஆகஸ்ட் 8

ஆடி வெள்ளி. கோயில் குழாய் ஸ்பீக்கர் எங்கள் ஜன்னலைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். விடியற்காலை நாலரைக்கு ஆரம்பித்தது. வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தேன். தெருவே நின்றுபோய்விட்டது. எத்தனை வருஷம் இந்த ஸ்பீக்கரைத் திட்டியிருப்பேன். எழுந்து உட்கார்ந்து முழுப் பாட்டையும் வலது காதால் கேட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

சுருதி பிசகுகிறது. நாகஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஒரே ஸ்வரத்தில் ஊதிக்கொண்டே இருக்கிறதே, அது இரண்டாகக் கேட்கிறது. வலதில் ஒன்று. இடதில், தூரத்தில், கொஞ்சம் ஏறின இன்னொன்று. இரண்டும் சேர்ந்து அலை அடிக்கிறது. வயிற்றைப் புரட்டியது.

பிளேயர் வேகமாகச் சுற்றுகிறதோ என்று பார்த்தேன். பார்க்க ஒரு வழி உண்டு. சுற்றிலும் 180 கோடு போட்ட காகித வட்டத்தைத் தட்டின் மேல் வைத்து டியூப்லைட் வெளிச்சத்தில் சுற்றவிட வேண்டும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதில் பழைய சோக் வைத்த டியூப் விநாடிக்கு நூறு தடவை மினுக்கும். 33⅓ சுற்று சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்கும். இப்போதைய எல்இடி பல்புகள் பலவற்றில் இது தெரியாது. நல்லவேளையாகச் சமையலறையில் அம்மா பழைய டியூபை மாற்ற விடவில்லை. பிளேயரைத் தூக்கிப்போய் அம்மிக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றவிட்டேன்.

கோடுகள் நின்றன. ஒரு கோடுகூட நகரவில்லை.

பிளேயர் சரியாக இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அம்மா வந்து “அடுப்படியில என்னடா செருப்போட” என்றாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காது டெஸ்ட். கண்ணாடி அறை. கையில் பட்டன். கேட்டால் அழுத்த வேண்டும். இடது பக்கம் வந்தபோது கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா என்று தெரியாமலே ஐந்தாறு தடவை அழுத்தியிருப்பேன். 65 டெசிபலில்தான் கேட்ட இடது காதுக்கு இப்போது 55இலேயே கேட்கிறதாம். அந்தப் பத்தில் என் பொய் எவ்வளவு?

சத்தமாக எதையும் கேட்கக் கூடாது என்று டாக்டர் மறுபடி சொன்னார். வால்யூம் குமிழ் எட்டு மணி இடத்துக்கு மேல் போகாதபடி பக்கத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12

வலது புருவத்தின் வெளி நுனி. கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை பார்த்தேன். நுனிதான், மடல் இல்லை. நகர்ந்திருக்கிறது. நகர்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 13

அதே இடம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாகஸ்வரம் போதும், வேறு ஏதாவது கேட்போம் என்று அப்பாவின் வீணை எல்பியை எடுத்தேன். இது ஸ்டீரியோ, அதனால் மோனோ பட்டனை விடுவித்தேன். இரவு பதினொன்றரை. ஊசி இறங்கியது, வலது பக்கம் வீணை வந்தது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. குறைவு இல்லை, தூரம் இல்லை, ஒன்றுமே இல்லை. அந்த “ம்ம்ம்” மட்டும்.

கை சில்லிட்டுப்போனது. ஹெட்போனைக் கழற்றவில்லை. கழற்றி இடது காதுப் பக்கம் விரலைச் சொடுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், அதனால் கழற்றவில்லை. மோனோ பட்டனை அழுத்தினாலும் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பட்டன் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. விரல் போகவில்லை. ஒரு பக்கம் முழுசாக ஓடி முடிந்து, ஊசி நடுவில் போய் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமோ தெரியாது.

தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா கதவருகில் நின்றாள். என் முகத்தைப் பார்த்திருப்பாள். நான் எதுவும் சொல்லவில்லை, ஹெட்போனைக் கழற்றி நீட்டினேன். “எனக்கெதுக்குடா” என்றாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டாள். ஊசியை முதலிலிருந்து வைத்தேன்.

கொஞ்சம் கேட்டாள். “உங்கப்பா போடுறதுதானே இது.” பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். கையால் இடது பக்கத்தைத் தட்டினாள். “இந்தப் பக்கம் வீணையே வரலியேடா. சும்மா இரையுது.”

“நிஜமாவா?”

“நான் எதுக்குடா பொய் சொல்றேன். இந்தப் பக்கம் செத்துக்கிடக்கு.”

அம்மாவின் முழங்காலில் தலையை வைத்து அழுதேன். என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. ஹெட்போனைக் கழற்றாமலே தலையைத் தடவிக்கொண்டிருந்தாள், வலது பக்கத்து வீணையைக் கேட்டபடி.

ஆகஸ்ட் 15

வெள்ளை ஒயர். பின்னிலிருந்து பாதி கழன்றிருந்தது. கொக்கியைக் குண்டூசி நுனியால் கொஞ்சம் நெருக்கிச் செருகினேன். 4ஆம் தேதியே தளர்வு என்று எழுதியிருக்கிறேன்.

இடது பக்கம் வந்துவிட்டது. மெலிசாக, சுவருக்கு அந்தப் பக்கம் வாசிக்கிற மாதிரி. போன வாரம் இதே மெலிசுக்கு எவ்வளவு பயந்தேன்! இன்றைக்கு அதை இரண்டு மணி நேரம் கேட்டேன். தந்தியை நகம் தொடுகிற அந்தச் சின்ன ‘டிக்’ மட்டும் இடதில் இன்னும் கிடைக்கவில்லை. மேல் ஸ்தாயி கடைசியில் வரும் என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன், டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 16

மாத்திரை இரண்டாகக் குறைந்தது. அம்மா சாயங்காலம் தானாகவே வந்து “அந்த வீணையைப் போடு” என்றாள். எட்டு மணிப் பிளாஸ்டரைப் பார்த்து “இது என்ன” என்றாள். அவளுக்காகப் பிளாஸ்டரைப் பிரித்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. குழாய் ஸ்பீக்கரை அவிழ்த்துவிட்டார்கள்.

நாளைக் காலை பத்து மணிக்குக் கண்ணாடி அறை. கேட்காவிட்டால் அழுத்த மாட்டேன்.

ஒத்து இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது, ஆனால் அலை மெதுவாகியிருக்கிறது. நாகஸ்வரம் புருவத்தின் உள் நுனியில், மூக்கு ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி. இன்னொரு தடவை வைத்துப் பார்க்கிறேன்.