தெரிந்த விஷயத்தில் பேசேஜ் வந்தால்

வானியல் பேசேஜ் வந்தால் எனக்குக் கொண்டாட்டம்தான் என்று கூடப் படிப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். பொழுதுபோக்காக வானியல் படிக்கிறவன் நான். ஆனால் வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வில், ஆங்கில வாசிப்பையும் சொல்வளத்தையும் சோதிக்கும் வெர்பல் பகுதிக்குப் பயிற்சி எடுக்கும்போது, எனக்குச் சம்பந்தமே இல்லாத கலை விமர்சனம், பொருளாதார வரலாறு போன்ற பேசேஜ்களைவிட வானியல் பேசேஜில்தான் அதிக நிதானம் தேவைப்பட்டது. எதனால் என்பதை, ஒரு பயிற்சித் தொகுப்பில் வந்த நீளமான பேசேஜையும் அதன் கேள்விகளையும் வைத்தே சொல்கிறேன்.

முதலில் நேரக் கணக்கு. 2023 செப்டம்பரில் தேர்வைச் சுருக்கிய பிறகு வெர்பலில் மொத்தம் 27 கேள்விகள், 41 நிமிடம். முதல் பிரிவில் 12 கேள்விக்கு 18 நிமிடம், அடுத்ததில் 15 கேள்விக்கு 23 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் போலத்தான் கிடைக்கும். பேசேஜை வாசிக்கிற நேரமும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். வெற்றிடம் நிரப்பும் கேள்விகளில் மிச்சம் பிடிப்பதைத்தான் இங்கே செலவழிக்க முடியும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் எதையும் காலியாக விடத் தேவையில்லை, அது ஒரு ஆறுதல்.

பேசேஜ் 1920-ல் நடந்த ஒரு விவாதத்தைப் பற்றியது. வானில் மங்கலான மேகத் திட்டுகள் போலச் சுருள் வடிவில் தெரியும் சுருள் நெபுலாக்கள் நம் பால்வெளி மண்டலத்தைச் சேர்ந்தவையா, இல்லை அதற்கு வெளியே தனித்தனி மண்டலங்களா என்பதுதான் பிரச்சினை. அந்த ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி வாஷிங்டனில் ஹார்லோ ஷேப்லி, ஹீபர் கர்ட்டிஸ் என்ற இரண்டு வானியலாளர்கள் ஒரே மேடையில் பேசினார்கள். பால்வெளி மண்டலத்தின் அகலம் 3 லட்சம் ஒளியாண்டு, சுருள் நெபுலாக்கள் தனி மண்டலங்கள் கிடையாது என்றார் ஷேப்லி. அகலம் 30,000 ஒளியாண்டுதான், சுருள்கள் வெகு தொலைவில் இருக்கும் வேறு மண்டலங்கள் என்றார் கர்ட்டிஸ். இது முதல் பத்தி.

இரண்டாம் பத்தி கொஞ்சம் பின்னோக்கிப் போகிறது. ஹார்வர்டு வானாய்வகத்தில் வேலை பார்த்த ஹென்றியெட்டா லெவிட், சிறிய மெகல்லன் மேகம் என்ற விண்மீன் கூட்டத்தில் உள்ள 25 மாறு விண்மீன்களை (வெளிச்சம் கூடிக் குறையும் விண்மீன்கள்) எடுத்துக்கொண்டு, ஒளிர்ந்து மங்கி மறுபடி ஒளிர அதிக நாள் எடுத்துக்கொள்ளும் விண்மீன்தான் அதிகப் பிரகாசமானது என்று 1912-ல் காட்டினார். அவை எல்லாம் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருப்பதால், நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்ச வித்தியாசத்தை உண்மையான வெளிச்ச வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளலாம். இந்த உறவுக்குத் தூர அளவுகோலை முதலில் பொருத்தியவர் ஹெர்ட்ஸ்ஸ்ப்ருங், 1913-ல். செஃபீட் என்று பெயர் பெற்ற இந்த விண்மீன்களை வைத்துத்தான் ஷேப்லி தன் பெரிய பால்வெளியை அளந்தார். கர்ட்டிஸுக்கு அந்த அளவுகளில் நம்பிக்கை இல்லை.

மூன்றாவது பத்தியில் சாட்சியங்கள். வான் மானென் என்ற வானியலாளர் சுருள் நெபுலாக்கள் சுழல்வதைப் புகைப்படத் தட்டுகளில் அளந்ததாகச் சொல்லியிருந்தார். அவ்வளவு பெரிய சுழற்சி கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருந்தால், சுருள்கள் தொலைவில் இருக்க முடியாது என்பது ஷேப்லியின் வாதம். 1885-ல் ஆண்ட்ரோமீடா என்ற சுருள் நெபுலாவில் தோன்றிய நோவாவையும் (திடீரெனப் பளிச்சிட்டு மங்கும் விண்மீன்) அவர் பக்கத்துக்குச் சேர்க்கிறது பேசேஜ்: அந்த நெபுலா அத்தனை தூரத்தில் இருந்தால் அந்த ஒரு விண்மீன் நம்ப முடியாத வெளிச்சம் கொண்டதாக இருந்திருக்க வேண்டும். கர்ட்டிஸோ, சுருள்களில் தெரிந்த மற்ற நோவாக்கள் எல்லாம் ரொம்ப மங்கலாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, அவை வெகு தொலைவில் இருப்பதால்தான் அப்படி என்றார். கடைசிப் பத்தி வானியலாளர் ஹப்பிளைப் பற்றியது. 1923 அக்டோபரில் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த படத்தில் ஆண்ட்ரோமீடாவுக்குள் ஒரு செஃபீடைக் கண்டுபிடித்தார். கணக்கிட்ட தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. ஷேப்லி சொன்ன பெரிய பால்வெளிக்கும் வெளியே. பேசேஜ் அங்கே முடிகிறது.

இதில் எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. அதனால் வாசிப்பு வேகமாகப் போனது. தெரிந்தவனுக்குக் கிடைக்கிற லாபம் அதோடு சரி. கேள்விகளில் இறங்கியதும், மனசுக்குள் இருக்கிற வானியல் ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு பேச ஆரம்பித்துவிடும்.

அதைச் சமாளிக்க நான் வைத்திருக்கும் வழி, ரஃப் தாளில் இரண்டு பத்திகளாகக் கோடு போட்டு, பேசேஜ் யார் வாயில் எதை வைக்கிறது என்று மட்டும் எழுதுவது. ஷேப்லி: பெரியது, செஃபீட், சுழற்சி, 1885. கர்ட்டிஸ்: சிறியது, செஃபீடை நம்பவில்லை, மங்கலான நோவாக்கள். அடியில் தனியாக, ஹப்பிள்: செஃபீட், 9 லட்சம். அவ்வளவுதான். இந்தத் தாளில் இல்லாத எந்த விவரமும் விடைக்குள் வரக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. முழு வாக்கியமாக எழுத ஆரம்பித்தால் நேரம் போய்விடும்.

முதல் கேள்வி பேசேஜின் முக்கிய நோக்கம் பற்றியது. அதை எப்போதும் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். அந்தப் பேசேஜுக்குரிய மற்ற கேள்விகளுக்காக நாலு முறை உள்ளே போய் வந்த பிறகு நோக்கம் தானாகத் தெளிந்துவிடும். அடையாளம் வைத்துவிட்டு நகர்ந்து, பிறகு அதே பிரிவுக்குள் திரும்பி வர ஜிஆர்இ அனுமதிக்கிறது.

ஒரு சொல்லின் பொருள் கேட்ட கேள்வி வந்தது, வாக்கியத்தில் வைத்துப் பார்த்ததும் முடிந்தது. அப்புறம் ஊகக் கேள்வி. லெவிட் ஆராய்ந்த விண்மீன்கள் வெவ்வேறு தூரங்களில் சிதறிக் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேசேஜை வைத்து ஊகிக்கலாம் என்பது கேள்வி. ஐந்து ஆப்ஷன்கள். அவற்றின் ஒளிமாற்றக் காலத்தை அளந்திருக்க முடியாது என்பது ஒன்று. இது நிற்காது. ஒரு விண்மீன் எப்போது உச்சத்தில் ஒளிர்ந்தது, மறுபடி எப்போது ஒளிர்ந்தது என்று பார்க்க அதன் தூரம் தெரிய வேண்டியதே இல்லை. ஹெர்ட்ஸ்ஸ்ப்ருங்கின் அளவுகோல் தவறாகியிருக்கும் என்பது இன்னொன்று. அதைப் பற்றி பேசேஜ் மூச்சே விடவில்லை. அந்த விண்மீன்களை யாரும் கண்டுபிடித்திருக்கவே மாட்டார்கள் என்றது மூன்றாவது, அதை ஒதுக்க யோசிக்கவே வேண்டியதில்லை.

மிச்சம் இரண்டு. காலத்துக்கும் உண்மையான வெளிச்சத்துக்கும் உறவே இருந்திருக்காது என்பது ஒன்று. தெரியும் வெளிச்சத்தை மட்டும் ஒப்பிட்டு அந்த உறவைக் கண்டிருக்க முடியாது என்பது மற்றது. வேகமாகப் படித்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். இங்கே நின்று நிதானமாகப் பார்த்தேன். தூரம் இரண்டு மடங்கானால் தெரியும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். அப்படியென்றால் உண்மையிலேயே பிரகாசமான ஒரு விண்மீன் தொலைவில் இருப்பதால் மங்கலாகத் தெரியும், சுமாரான விண்மீன் பக்கத்தில் இருப்பதால் பளிச்சென்று தெரியும். வரைபடத்தில் புள்ளிகள் சிதறிப்போகும். உறவு அப்போதும் விண்மீனுக்குள் இருக்கத்தான் செய்யும், பார்க்கிறவருக்குத்தான் பிடிபடாது. ஆகவே இரண்டாவதுதான் விடை. வானியல் தெரிந்தது உதவிய கேள்வி இது ஒன்றுதான். அதுகூட, பேசேஜில் இருந்த 'ஒரே தூரத்தில் இருப்பதால்' என்ற காரணத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் யாருக்கும் கிடைத்துவிடும்.

வான் மானென் கேள்விதான் உண்மையான கண்ணி. ஆசிரியர் அவருடைய அளவீடுகளை எதற்காகக் குறிப்பிடுகிறார்? ஒரு ஆப்ஷன்: நுட்பமான அளவீடுகளில் பிழை எப்படி நுழைகிறது என்று காட்ட. இன்னொன்று: ஷேப்லியின் நிலைப்பாட்டுக்கு அன்றைக்கு இருந்த ஆதாரத்தை எடுத்துச் சொல்ல. வான் மானெனின் அளவீடுகள் பிழையானவை என்று பின்னாளில் தெரிய வந்தது உண்மை. அந்தக் கதை தெரிந்த யாருக்கும் முதல் ஆப்ஷனைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். ஆனால் பேசேஜை மறுபடி வாசித்தால், அது பிழை என்று எங்கேயும் ஒரு வார்த்தை கிடையாது. அளந்ததாகச் சொன்னார், அதை ஷேப்லி பயன்படுத்தினார், அதோடு முடிகிறது. சுருள் தொலைவில் இருந்தால், தட்டில் தெரியும் அந்தக் கொஞ்சூண்டு நகர்வே விளிம்பில் ஒளியையும் மிஞ்சும் வேகம் என்றாகிவிடும், அது நடக்காது, ஆகவே சுருள் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இந்தத் தர்க்கத்துக்குத்தான் அந்த வாக்கியம் அங்கே இருக்கிறது. இரண்டாவது ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தேன். கேள்வி தயாரித்தவருக்கு வானியல் வரலாறு நன்றாகத் தெரிந்திருக்கிறது. உண்மையாக இருக்கும் ஒரு விஷயத்தையே தவறான விடையாக வைப்பதற்குக் கொஞ்சம் குறும்பும் வேண்டும்.

இதே குறும்பு அடுத்த கேள்வியிலும். கீழ்க்கண்டவற்றில் விவாதச் சான்றாக பேசேஜ் குறிப்பிடாதது எது? 1885 நோவா, சுழற்சி, மங்கலான நோவாக்கள், செஃபீட் தூரங்கள், கடைசியாகச் சுருள் நெபுலாக்களின் வேகங்கள். லோவெல் வானாய்வகத்தில் ஸ்லைஃபர் என்ற வானியலாளர் 1912-லிருந்து அளந்து வந்த அந்த வேகங்களைக் கர்ட்டிஸ் தன் வாதத்தில் உண்மையாகவே பயன்படுத்தியிருக்கிறார். அது மனசில் இருந்தால், "இதுவும் சான்றுதானே" என்று தாண்டிப்போய் வேறு எதையாவது சந்தேகப்படத் தோன்றும். ரஃப் தாளைப் பார்த்தேன். வேகம் என்ற சொல்லே இல்லை. பத்து விநாடியில் முடிந்துவிட்டது. இந்த மாதிரி 'தவிர' கேள்விகளில் பேசேஜுக்குள் திரும்பத் திரும்ப ஓடாமல் இருக்க அந்தத் தாள் ஒன்றே போதும்.

மூன்று கூற்றுகள் கொடுத்து, பொருந்துகிற எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்வி வகை ஒன்று ஜிஆர்இயில் உண்டு. ஒன்று சரி, இரண்டு சரி, மூன்றுமே சரி, எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். ஒன்றை விட்டாலும் கூட்டிப் போட்டாலும் மதிப்பெண் இல்லை, பாதி மதிப்பெண் என்ற பேச்சே கிடையாது. கர்ட்டிஸைப் பற்றி பேசேஜ் உணர்த்துவது எது என்று கேட்டார்கள். செஃபீட் தூரங்களை அவர் சந்தேகித்தார்: இருக்கிறது. அவர் சொன்ன பால்வெளி அகலத்தை ஏற்றாலும் ஹப்பிள் கண்ட ஆண்ட்ரோமீடா தூரம் அதற்கு வெளியேதான் விழும்: நேரடியாகச் சொல்லவில்லை, ஆனால் 9 லட்சம் 3 லட்சத்துக்கே வெளியே என்றால் 30,000-க்கு வெளியே என்பதில் என்ன சந்தேகம்? சரி. சூரியனைப் பால்வெளியின் மையத்துக்கு அருகில் வைத்தார்: வரலாற்றில் இது உண்மை. சூரியன் மையத்திலிருந்து விலகி இருக்கிறது என்ற விஷயத்தில் ஷேப்லிதான் சரி. ஆனால் பேசேஜில் சூரியன் என்ற பேச்சே எழவில்லை. முதல் இரண்டை மட்டும் குறித்தேன். இந்த வகையில் ஒவ்வொரு கூற்றையும் தனித்தனி ஆம்-இல்லை கேள்வியாகப் பார்ப்பதுதான் நல்லது. ஒன்றோடொன்று ஒப்பிட ஆரம்பித்தால் குழப்பம்தான்.

கடைசியாக, தள்ளி வைத்திருந்த நோக்கக் கேள்வி. ஐந்தில் மூன்று சீக்கிரம் கழன்றுவிட்டன. கர்ட்டிஸ் சொன்னதே சரி என்று நிரூபிப்பது என்றால், செஃபீட்களை அவர் சந்தேகித்ததை ஆசிரியர் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஹப்பிளின் தூரத்தை மறுமதிப்பீடு செய்வது என்ற ஆப்ஷனும் இருந்தது. ஆண்ட்ரோமீடாவின் தூரம் இன்றைக்கு சுமார் 25 லட்சம் ஒளியாண்டு என்றும், செஃபீட்களில் இரண்டு வகை உண்டு என்று 1952-ல் வால்ட்டர் பாடே அறிவித்த பிறகு பழைய தூரங்கள் இரண்டு மடங்காயின என்றும் படித்தவர்களை இழுக்கவே வைத்த தூண்டில் அது. லெவிட்டின் வாழ்க்கையை விவரிப்பது என்ற இன்னொன்று ஒரு பத்திக்கு மட்டும் பொருந்தும்.

எஞ்சியவை இரண்டு. விண்வெளித் தூரங்களை அளக்கும் முறை வளர்ந்த கதையைச் சொல்வது ஒன்று. ஒரு சர்ச்சை, அதில் ஒரு தரப்பு நம்பியிருந்த கருவியாலேயே எப்படித் தீர்ந்தது என்று விளக்குவது இன்னொன்று. முதலாவதை எடுத்துக்கொண்டால் மூன்றாவது பத்தி முழுக்க அந்தரத்தில் நிற்கிறது. சுழற்சியும் நோவாவும் அந்த வளர்ச்சிக் கதையில் எங்கே உட்காரும்? சர்ச்சை என்று வைத்தால் நான்கு பத்திகளுக்கும் இடம் இருக்கிறது: இரு தரப்பு, கருவி, அன்றைய சாட்சியங்கள், அதே கருவி வந்து ஷேப்லியின் முடிவையே கவிழ்ப்பது. அதைக் குறித்தேன்.

விடைக்குறிப்பும் அதையே சொன்னது. ஆனால் தூர அளவீட்டு ஆப்ஷன் ஏன் தவறு என்பதற்கு அது கொடுத்த விளக்கம் "இது மிகக் குறுகியது" என்ற ஒற்றை வரி. எனக்கு இது ஒப்பவில்லை. அந்த ஆப்ஷன் குறுகியது இல்லை, அகலமானது. ஹெர்ட்ஸ்ஸ்ப்ருங்குக்கு முன்னாலும் ஹப்பிளுக்குப் பின்னாலும் நீள்கிற ஒரு கதையை இந்தப் பேசேஜின் தலையில் கட்டுகிறது. விடை சரியாக இருந்தாலும் தவறான ஆப்ஷன்களுக்கு நானே காரணம் எழுதி, அச்சடித்த விளக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை அதிலிருந்துதான் வழக்கமாக்கிக்கொண்டேன். இந்தப் பேசேஜுக்கு அப்படி எழுதிய காரணங்களில் பாதி, 'உண்மை, ஆனால் இங்கே இல்லை' என்ற ஒரே வரிதான்.