கீழ்வெண்மணியில் கதையை நிறுத்துங்கள்

அமைதிக் கல்விக்குக் காந்தியிலிருந்துதான் தொடங்க வேண்டுமென்பதில்லை. மெரினா சிலையைத் தினம் கடந்துபோகும் சென்னைப் பிள்ளைகளுக்கு அவர் ஏற்கெனவே கல்லாகிவிட்டார். எட்டாம் வகுப்புக்கு, நிலமற்ற தலித்துகளுக்கு நிலம் கிடைக்கப் போராடிய காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனை எடுங்கள்.

நாற்பது நிமிட வகுப்பில் முதல் எட்டு நிமிடம் மட்டும் நீங்கள் பேசுங்கள். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அங்கேயே நிறுத்துங்கள். "அந்த ஊருக்கு நீ போனால் முதலில் யாரிடம் பேசுவாய்?" நான்கு நான்கு பேராக உட்கார்ந்து பதினைந்து நிமிடம் எழுதட்டும். "பழிவாங்குவேன்" என்று ஒருவராவது எழுதுவார். அதட்டாதீர்கள், அந்தக் கோபம் நியாயமானது. அடுத்து என்ன நடக்கும் என்று மட்டும் கேளுங்கள்.

பிறகு, அந்த ஊருக்குப் போன கிருஷ்ணம்மாள் என்ன செய்தார் என்ற மீதியைச் சொல்லுங்கள்: உழுபவர்களுக்கு நிலம் கிடைக்க அவரும் கணவரும் 1981-இல் தொடங்கிய லாஃப்டி (LAFTI) அமைப்பு, நிலச்சொந்தக்காரர்களோடு பேச்சு, வங்கிக் கடனில் வாங்கிய நிலம், பெண்கள் பெயரில் பட்டா.

பெரும்பாலும் வகுப்பு கெடுவது புகழ்ச்சியால்தான். 2008-இல் அவர் பெற்ற ரைட் லைவ்லிஹுட் விருதிலிருந்து தொடங்கினால், "அவங்க பெரியவங்க, நம்மால முடியாது" என்று பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்கள். கடைசிப் பத்து நிமிடத்தைத் தண்ணீர் லாரி வரிசைச் சண்டைக்கு ஒதுக்குங்கள். குடத்தோடு நிற்கும் இரண்டு பேராக நடிக்கட்டும். பாதியில் இடம் மாற்றிவிடுங்கள்.