தம்பியின் சிகிச்சை: பினாங்கு நாட்குறிப்பு

ஜனவரி 21, 2025

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, நேற்று விரதம் தொடங்கினான் தம்பி. பல வருடக் குடியை அப்படியே நிறுத்தினான். மாலையில் கை நடுங்கியது, உடம்பு வியர்த்துக் கொட்டியது. இன்று விடியற்காலை வலிப்பு. ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம்.

மதுவால் மந்தப்பட்டே பழகிய மூளை, அது திடீரென்று நின்றால் கட்டுக்கடங்காமல் கிளர்ந்தெழுமாம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். அதன்பின் வரக்கூடிய சித்தப்பிரமை உயிரையே பறிக்கலாம் என்றார் மருத்துவர். விரதத்துக்காகக் குடியை நிறுத்துபவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

ஜனவரி 24

சுவரில் எறும்பு ஊர்கிறது என்று இரவெல்லாம் அலறினான். மூளையின் கிளர்ச்சியை அடக்க டயசிபாம் கொடுக்கிறார்கள், அளவைச் சிறுகச் சிறுகக் குறைப்பார்களாம். நரம்பு வழியாகத் தயமின் ஏறுகிறது. அந்த விட்டமின் இல்லாவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

பார்க்க வந்த மாமா, "தஞ்சோங் ரம்புத்தானில் கொண்டுபோய்ப் போடுங்கள்" என்றார். 1911 முதல் அங்கே மனநல மருத்துவமனை இருக்கிறது. எத்தனையோ பேர் அங்கே குணமடைந்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெயரை வசவாக்கித்தான் நோயாளிகளை வீட்டுக்குள் ஒளித்துவைக்கிறோம். மாமாவை வெளியே அழைத்துப்போய் இதைச் சொன்னேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

மருத்துவ அட்டை செல்லாது. மனநோயும் மதுவால் வரும் பாதிப்பும் காப்புறுதியில் விலக்கப்பட்டிருக்கின்றன. முன்பணத்துக்கு அம்மாவின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின.

பிப்ரவரி 2

நேற்று வீடு திரும்பினான். இனி எங்கே? தீவிலும் பெருநிலத்திலும் மறுவாழ்வு இல்லங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். இரவில் வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்கள்? மனநல மருத்துவர் உண்டா? ஆலோசகர் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா? வெளியே வந்தபின் எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பீர்கள்? ஓரிடத்தில், "முதலில் பணம் கட்டுங்கள்" என்றார்கள். இன்னோரிடத்தில் மருத்துவரே இல்லை. தொலைபேசியைப் பிடுங்கிவைத்துக்கொண்டு குடும்பத்தைப் பார்க்க விடமாட்டார்களாம். அங்கே என் தம்பியை விடமாட்டேன். வெளிநோயாளியாகவே தனியார் மனநல மருத்துவரையும் ஆலோசகரையும் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். நச்சு இறங்கியது தொடக்கம் மட்டுமே. இருக்கும் பணம் இனி வரும் மாதங்களுக்கு வேண்டும்.

பிப்ரவரி 11

தைப்பூசம். அம்மா மட்டும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனார். தம்பி வீட்டில் தூங்கினான். நல்ல தூக்கம்.

மார்ச் 12

மதுவே மனச்சோர்வை உண்டாக்கும் என்பதால், குடி நின்று சில வாரம் பார்த்த பிறகே மருத்துவர் உறுதிசெய்தார்: மனச்சோர்வு தனி நோயாகவும் இருக்கிறது. அதற்கு ஒரு மாத்திரை. கல்லீரல் பரிசோதனைக்குப்பின், குடிவேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்சோன். குடி, மனச்சோர்வு இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒன்றை மட்டும் பார்த்தால் நிற்காது என்றார்.

ஆலோசகர் தமிழர். அப்பா இறந்ததிலிருந்து தூக்கமே இல்லை, தூங்குவதற்காகத்தான் குடித்தேன் என்று அவரிடம்தான் முதன்முதலாகச் சொல்லியிருக்கிறான். மலாயிலோ ஆங்கிலத்திலோ இதைச் சொல்லியிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கட்டணத்தைக் கொடுக்க எனக்குத் துளியும் வருத்தமில்லை.

ஏப்ரல் 3

நோன்புப் பெருநாள் விடுமுறையில் நண்பர்களோடு குடித்துவிட்டான். மறுநாள் காலை அவனே ஆலோசகரை அழைத்தான். அன்று மாலையே வரச்சொன்னார். "இத்தனை ஆயிரம் வெள்ளியைக் கொட்டியும் குடித்துவிட்டானே" என்கிறார் மாமா. இனிப்புநீர் உள்ளவருக்குச் சர்க்கரை ஏறினால் மருந்தை நிறுத்திவிடுவோமா? முன்பென்றால் வாரக்கணக்கில் மறைத்திருப்பான். இப்போது மறுநாளே சொல்கிறான்.

சேமிப்பு கரைகிறது. மருந்துகளை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மாற்ற மருத்துவர் கடிதம் கொடுத்துவிட்டார். அங்கே குடிமக்களுக்குச் சிறப்பு மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் மிகக் குறைவு. ஆலோசகரை மட்டும் தனியாரிலேயே தொடர்கிறோம். அடுத்த சந்திப்புக்குத் தம்பி மனைவியும் வருகிறாள்; அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.