சிங்கப்பூர் - நியூயார்க்: தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போட்ட விதம்

சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்க வேண்டாம். உருண்டையைத் தட்டையாக விரித்ததில் வடக்கே போகப் போக எல்லாமே இழுபட்டுக் கிடக்கும். விமான நிலையங்களின் ஆயங்களிலிருந்துதான் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) தொடங்கினோம். சிங்கப்பூரின் சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99. நியூயார்க்கின் கென்னடி: வடக்கு 40.64, மேற்கு 73.78.

மேற்கு என்பதால் 73.78-க்கு மைனஸ் போட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். மைனஸ் விட்டுப்போனால் தூரம் சுமார் 5,320 கி.மீ. என்று வந்து நிற்கும். சரியாகப் போட்டால் தீர்க்கரேகை வித்தியாசம் 177.77 பாகை.

இனி, இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். அவற்றின் கோசைன்களை 177.77-இன் கோசைனோடு பெருக்கி, முதல் விடையுடன் கூட்டுங்கள். −0.7426 வரும். அது 137.95 பாகையின் கோசைன். பூமியின் பரப்பில் பாகைக்கு 111.195 கி.மீ. வீதம் சுமார் 15,340 கி.மீ., அதாவது ஏறத்தாழ 8,283 கடல் மைல். சாதாரண மைலில் இதுவே 9,530-ஐத் தாண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் நேரக் கணக்கும் கெடும். பூமி துருவங்களில் சற்றுத் தட்டை என்பதையும் சேர்த்தால் இன்னும் பத்து கி.மீ. போல கூடும், அவ்வளவுதான்.

இந்தப் பெருவட்டப் பாதை, அதாவது உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி, வட துருவத்துக்குச் சுமார் 280 கி.மீ. அருகே போகிறது. விமானம் அன்றாடம் அப்படிப் போவதில்லை. நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கம் வளைந்து, மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்றை முதுகில் வாங்கிக்கொள்ளும். பக்கத்து நியூவார்க்குக்கு 2018-இல் இடைநில்லாச் சேவை மீண்டும் தொடங்கியபோது சொல்லப்பட்ட பயணத் தூரமே சுமார் 16,700 கி.மீ.

இந்தத் தடத்தின் ஏர்பஸ் ஏ350 விமானம் உயரத்தில் மாக் 0.85-இல் (ஒலி வேகத்தில் 0.85 பங்கு) பறந்தால் மணிக்குச் சுமார் 900 கி.மீ. பெருவட்டத் தூரத்துக்கு 17 மணி நேரம். 16,700-க்குக் காற்றில்லாமல் பதினெட்டரை. பின்காற்று சராசரியாக மணிக்கு 50 கி.மீ. கிடைத்தால் பதினேழரைக்கு இறங்கும். ஏறி இறங்குவதற்கும், ரன்வே வரை ஊர்ந்து போவதற்கும் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரை சேருங்கள். டிக்கெட்டில் இருப்பது கேட்டிலிருந்து கேட் வரையான நேரம்.

கடைசிப் பொறி கடிகாரம். இரவு 11:35 புறப்பாடு, மறுநாள் காலை 6:00 வருகை என்றால் ஆறரை மணிப் பயணமல்ல. இரண்டுமே உள்ளூர் நேரம். நியூயார்க் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி பின்தங்கியது. கோடையில் 6:25-உடன் 12 சேர்த்து 18:25 என்று எடுக்கவும். அங்கே கடிகாரம் மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும்; அந்த வாரங்களில் பயணத் தேதிக்குரிய வித்தியாசத்தையே போட வேண்டும். திரும்பி வரும்போது காலை 10:30-க்குக் கிளம்பி பதினெட்டரை மணி பறந்தால், கோடையில் சிங்கப்பூரில் மறுநாள் மாலை 5:00.