நாலு ஸ்டாப் ஆர்கன்

நம் பள்ளிச் சிற்றாலயத்தில் நின்ற பைப் ஆர்கனை (குழாய்களுக்குள் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் இசைக்கருவி) அலமாரி என்று நினைத்துக் கடந்துபோனவர்களே அதிகம். நாலே ஸ்டாப் (குமிழை இழுத்தால் ஒலிக்கத் தயாராகும் ஒரு குழாய் வரிசை), விரலால் அழுத்தும் 54 கட்டை, காலால் வாசிக்கும் பெடல் கிடையாது. அதில் விரல் பழகியவர்களுக்குப் பேராலயங்களின் பெரிய ஆர்கன்கள் ஏனோ கொஞ்சம் எட்டத்திலேயே நிற்கும்.

காரணம் விரல்நுனியில் இருக்கிறது. கட்டையை அழுத்தினால் மெல்லிய மரக்குச்சி ஒன்று நேராகப் போய்க் காற்றுப்பெட்டியின் வால்வைத் திறக்கிறது. உள்ளே அடைந்த காற்றை மீறி வால்வு பிரியும் கணம் கைக்குத் தெரியும். மெல்ல அழுத்தினால் ஸ்வரம் பூப்போல எழும். வெடுக்கென்று அழுத்தினால் 'ச்' என்றொரு மெய்யெழுத்தோடு வரும். பெரியவற்றில் பல மின்காந்தத்தில் இயங்குபவை. அங்கே கட்டை வெறும் சுவிட்ச். குழாய்கள் 34 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி வந்துசேரவே பத்தில் ஒரு நொடி ஆகும். காதை நம்பி வாசிப்பவர் பின்தங்கிக்கொண்டே போவார்.

8 அடி ஸ்டாப்பின் அடிஸ்வரத்துக்குத் திறந்த குழாய், பெயருக்கேற்ப, சுமார் 2.4 மீட்டர் உயரம் வேண்டும். மேல்முனையை அடைத்துவிட்டால் பாதி போதும். அதனால்தான் சின்ன ஆர்கனுக்கு ஆதாரம் அடைப்பு மரக்குழாய்: சற்றே மூடிய, மனிதக் குரலுக்கு இடம்விடும் நாதம். நாலு ஸ்டாப்பையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் 15 வகை நாதம் கிடைக்கும். பெடல் இல்லாததும் பெரிய குறையல்ல: இசையமைப்பாளர் ஹாண்டல் 1738இல் வெளியிட்ட ஆறு ஆர்கன் கான்செர்ட்டோக்களுக்குப் பெடலே தேவையில்லை.

தொல்லையும் அந்த அடைப்பில்தான். வறண்ட நாட்களில் அடைப்பைச் சுற்றிய தோல் சுருங்கும். அடைப்பு கீழே நழுவினால் சுருதி ஏறும். ஓரத்தில் காற்று கசிந்தால் குழாய் திணறும், சிலசமயம் ஊமையாகிவிடும். அதைத் தட்டி இறுக்குவது மகா தவறு, மரம் பிளந்துவிடும். வெளியே எடுத்துப் புதுத் தோல் சுற்றுவதே வழி. சுருதி சேர்க்கும்போது குழாயைக் கையால் பிடிக்கவும் கூடாது: உடம்புச் சூட்டில் உள்ளிருக்கும் காற்று சூடாகிச் சுருதி ஏறும், ஆறியதும் இறங்கிவிடும். அறையே ஒரு டிகிரி சூடானாலும் 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் ஏறத்தாழ 0.8 ஹெர்ட்ஸ் கூடும். நாக்குக் குழாய்கள் (உலோக நாக்கு அதிர்ந்து ஒலிப்பவை) இல்லாத சின்ன ஆர்கனில் எல்லாக் குழாயும் ஏறக்குறைய சேர்ந்தே நகர்வதால் காதை உறுத்தாது. பெரியதில் நாக்குக் குழாய்கள் அவ்வளவாக நகராமல் நின்றுவிட, இரண்டும் மோதும்.

அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அரங்கிலுள்ள ஆர்கனில் 33,000க்கும் மேற்பட்ட குழாய்கள். 32 அடிக் குழாயின் 16 ஹெர்ட்ஸ் அதிர்வு தரைவழியே காலில் ஏறும். அந்தச் சுகம் நம் அலமாரியில் கிடைக்காது, உண்மைதான். ஆனால் 8 அடி அடைப்பு ஸ்டாப்பை மட்டும் இழுத்து நடுஸ்தாயியில் ஒரே ஒரு கட்டையை அழுத்தினால், வால்வு மூடும் சத்தம் வரை காதில் விழும்.