பருந்துக்கும் கொசு வலை வேண்டும்

வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், அன்றிலிருந்து தை அறுவடை வரை டெல்டாவில் எங்காவது ஒரு வயலில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். ஒரு பக்கம் குறுவை, ஒரு பக்கம் சம்பா, குறுவை அறுத்த வயலில் தாளடி. நாற்று நட்ட முதல் மூன்று நான்கு வாரம் பயிர் மூடாத தண்ணீரில் வெயில் விழும். கியூலெக்ஸ் விஷ்ணுயி கூட்டத்து நெல் வயல் கொசுக்கள் பெருகுவது அந்த வாரங்களில்தான். ஊருக்குள் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகும் கியூலெக்ஸ் குயின்குபேசியேட்டஸ் வேறு. ஐப்பசி அடைமழையில் இரண்டும் கைகோத்துக்கொள்ளும்.

இதே ஊர்களில்தான் மின்கம்பியில் சிறகு கருகிய கள்ளப் பருந்தும், பனை சாய்ந்து விழுந்த கூகைக் குஞ்சும், கோபுரத் திருப்பணியில் கூடு கலைந்த புள்ளி ஆந்தையும் சிகிச்சைக் கூண்டுக்கு வந்து சேர்கின்றன. எலும்பு முறிவுக்கு எப்படிக் கட்டுப் போடுவது, என்ன இரை கொடுப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். கொசுவைப் பற்றிக் கேட்பவர் குறைவு. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தப் பறவைகள் எதையும் அனுமதியில்லாமல் வீட்டில் வைத்திருப்பது குற்றம். கீழே எழுதியிருப்பது வனத்துறையின் அனுமதியோடும் கால்நடை மருத்துவரின் பொறுப்பிலும் பறவையை வைத்திருப்பவர்களுக்கு. மற்றவர்கள் பறவையை அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லிவிடுவதுதான் முறை.

வெளியில் திரியும் பருந்தையும் கொசு கடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ராத்திரியில் காற்றோட்டமான உயரத்துக் கிளையில் அடையும், தொல்லை அதிகமானால் இடம் மாறும். கூண்டில் இருப்பதோ தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், காற்று அடைபட்ட மூலையில், தினமும் அதே கட்டையில், சிறகில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறது. கண் இமை, அலகின் மேலுள்ள மெழுகுத்தோல், கால் விரல் என்று இறகில்லாத இடமெல்லாம் கொசுவுக்குத் திறந்து கிடக்கிறது. நாம் கூண்டில் அடைத்ததாலேயே வந்த ஆபத்து இது. அதனால் இதற்கு மருந்தைத் தேடுவதற்கு முன் கூண்டைத் திருத்த வேண்டும்.

பறவைக்கும் மலேரியா உண்டு. மலேரியாவைக் கொசு எப்படிப் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1898-ல் கல்கத்தாவில் முழுமையாகக் காட்டியதே பறவை மலேரியாவை வைத்துத்தான். பரப்பியது நம் வீட்டுச் சாக்கடையில் இருக்கும் அதே கியூலெக்ஸ் இனம். பனிநாட்டு ஜைர் வல்லூறும் பனி ஆந்தையும் பென்குயினும் இந்த ஒட்டுண்ணிக்கு எளிதில் செத்துப்போகும். நம்மூர்ப் பறவைகளில் பல அதைச் சத்தமில்லாமல் ரத்தத்தில் சுமந்துகொண்டே வாழும். பிரச்சினை, அடிபட்டு, பட்டினி கிடந்து, மனித வாடையில் மிரண்டு எதிர்ப்புச் சக்தி குறையும்போதுதான். அடங்கிக் கிடந்தது தலைதூக்கும். அதன் மேல் ராத்திரி தோறும் புதுக் கடியும் விழுந்தால் சிவப்பணு கரைந்து பறவை வெளிறிப்போகும்.

இரண்டாவது பறவை அம்மை. கொசுவின் உடலுக்குள் இந்த வைரஸ் பெருகுவதில்லை. அம்மைப் பறவையைக் குத்திய ஊசிவாயில் ஒட்டிக்கொண்டு அடுத்த பறவைக்குப் போகிறது, அவ்வளவுதான். அதனால் ஒரு கூண்டில் ஒரு பறவைக்கு வந்தால் பக்கத்துக் கூண்டுக்குப் பரவ அதிக நாள் ஆகாது. மூன்றாவது, கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸ். 1937-ல் உகாண்டாவில் கண்டறியப்பட்டு, 1999-ல் நியூயார்க்கை எட்டியதும் அமெரிக்காவில் காகங்களோடு பருந்து, ஆந்தைகளையும் ஏராளமாகக் கொன்றது. கேரளத்தில் மனிதர்களுக்கு வந்திருக்கிறது. டெல்டாவில் இதைப் பரப்பக்கூடிய கொசுவும் இருக்கிறது, வைரஸைச் சுமக்கக்கூடிய நீர்ப்பறவைகளும் வடுவூரிலும் உதயமார்த்தாண்டபுரத்திலும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. அமெரிக்காவில் குதிரைத் தடுப்பூசியை வேட்டைப் பறவைகளுக்குப் போடும் வழக்கம் இருக்கிறது. நமக்குக் கையில் இருப்பது வலை.

வலையில்தான் முக்கால்வாசிப் பேர் தப்பு செய்கிறார்கள். கடையில் வாங்கிய நைலான் வலையைக் கூண்டின் உள்பக்கமே அடித்துவிடுவார்கள். பருந்து மிரண்டு பாய்ந்ததும் நகம் கண்ணியில் மாட்டும், விரல் திருகும், வால் இறகு ஒடியும். ஒரே வாரத்தில் வலையும் கிழிந்து தொங்கும். வலைக்கும் பறவைக்கும் நடுவில் இன்னொரு சுவர் வேண்டும். கள்ளப் பருந்து, செம்பருந்து அளவுக்கு 8 அடி நீளம், 6 அடி அகலம், 7 அடி உயரத்தில் சவுக்குக் கம்பால் சட்டம் போடுங்கள். உள்பக்கம் வழவழப்பாகச் சீவிய மூங்கில் பிளாச்சுகளைச் செங்குத்தாக, 2 அங்குல இடைவெளியில் கட்டுங்கள். புள்ளி ஆந்தைக்கும் வல்லூறுக்கும் 1 அங்குலம். படுக்கைவாட்டில் கட்டினால் பறவை அதைப் பிடித்துத் தொங்கி இறகைத் தேய்த்துக்கொள்ளும். கோழிக்கூண்டுக் கம்பிவலை எந்த வேட்டைப் பறவைக்கும் ஆகாது.

கொசு வலை இந்தப் பிளாச்சுச் சுவரிலிருந்து அரையடி தள்ளி, வெளிச்சட்டத்தில் வர வேண்டும். ஒட்டி அடித்தால் பறவை சாய்ந்து உட்காரும் இடத்தில் கொசு வலைக்கு வெளியே நின்றபடியே குத்திவிடும். மனிதர்களுக்கே வலையை ஒட்டிப் படுத்தால் முழங்கையில் தடிப்பு வருகிறதல்லவா, அதே கதை. ஒரு அங்குலத்துக்கு 16 முதல் 18 கண் உள்ள ஜன்னல் வலை கியூலெக்ஸுக்குப் போதும். அதைவிட நெருக்கமான கண் காற்றை அடைத்துவிடும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் சாதாரண இரும்பு வலை சீக்கிரம் துருவேறி ஓட்டையாகும். அங்கே ஃபைபர் கிளாஸ் வலையோ நைலானோ போடுங்கள்.

கூரை கீற்றாக இருந்தால் நல்லது, வெயிலுக்கு அதைப்போல எதுவும் வராது. ஆனால் பகலில் கொசு அடைவதும் அந்தக் கீற்றிடுக்கில்தான். கீற்றுக்குக் கீழே ஒரு வலைக் கூரை கட்டாயம். அடியில் வலையை ஒரு முழம் கூடுதலாக விட்டு, மணலில் புதைத்து மேலே ஒரு வரிசைச் செங்கல் அடுக்குங்கள். கதவு இரட்டையாக இருக்கட்டும். நடுவில் ஓர் ஆள் இரைத்தட்டோடு நிற்க 3 அடிக்கு 4 அடி இடம் விட்டு, முதல் கதவைச் சாத்திய பிறகே இரண்டாவதைத் திறக்கும்படி வையுங்கள். பறவை தப்பிப் பறப்பதற்கும் இது தடை.

சித்திரை, வைகாசியில் முழு வலைக்குள் பறவை புழுங்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகைத் தொங்கப் போட்டால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். அதற்காகப் பக்கவாட்டு வலையைச் சுருட்டி ஏற்றுகிற மாதிரி அமைத்து, மாலை ஐந்தரைக்கு இறக்கி, காலை ஏழுக்கு ஏற்றலாம். இறக்குவதற்கு முன் ஓர் ஈரத்துணியால் உள்மூலைகளை அடித்து விரட்டாவிட்டால், கொசுவை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். அம்மை நடமாடும் சமயத்தில் இந்தச் சலுகை கிடையாது. பகலில் கடிக்கும் ஏடிஸும் அதைச் சுமக்கும் என்பதால் இருபத்து நாலு மணி நேரமும் வலை இறங்கியே இருக்க வேண்டும்.

மின்விசிறி நல்ல துணை. கொசு காற்றை எதிர்த்துப் பறக்கத் திணறும். ஸ்டாண்டு ஃபேனைப் பிளாச்சுக்கு வெளியே வைத்து, பறவை அடையும் கட்டையின் மேல் இறகு லேசாக அசையும் அளவுக்குக் காற்றை விடுங்கள். காற்றில்லாத ஒரு மூலையும் வேண்டும். குளிர்ந்தால் பறவை தானே அங்கே நகர்ந்துகொள்ளும்.

வலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி விடியற்காலை டார்ச். ஆறு மணிக்கு உள்சுவரையும் வலைக் கூரையையும் வெளிச்சம் அடித்துத் தேடுங்கள். வயிறு சிவந்த கொசு ஒன்று உட்கார்ந்திருந்தாலும் அது ராத்திரி பறவையைக் குடித்ததுதான். எந்த மூலையில் அதிகமோ அந்தப் பக்கம் ஓட்டை.

இனித் தண்ணீர். வெயிலில் முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் போதும். குளியல் தொட்டியைத் தினமும் கொட்டி, ஓரத்தைத் தேங்காய் நாரால் தேயுங்கள். தேய்க்காவிட்டால் ஏடிஸ் முட்டை ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். யாரும் பார்க்காத இடம் மூங்கில். கணுவுக்கு மேலே வெட்டிய ஒவ்வொரு மூங்கில் முனையும் ஒரு குவளை. கணுவை ஒட்டி வெட்டுங்கள், அல்லது மணலும் சிமெண்டும் வைத்து அடையுங்கள். செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் தலையில் நைலான் வலையைச் சுற்றிக் கட்டுவது அஞ்சு நிமிட வேலை, பலனோ பெரிது. வடிகாலுக்கு பி.டி.ஐ. பாக்டீரியா மருந்து கிடைக்கிறது. பறவைக்கும் மீனுக்கும் தீங்கில்லை. ஆனால் அது புழு தின்றால்தான் வேலை செய்யும். வால் சுருட்டிக் குட்டிக்கரணம் போடும் கூட்டுப்புழு எதையும் தின்னாது. அந்தக் கட்டத்தில் மருந்தை ஊற்றிவிட்டு ‘டூப்ளிகேட் சரக்கு’ என்று கடைக்காரரோடு சண்டை போடுவதில் பயனில்லை, தண்ணீரை வடித்துவிடுங்கள். நிரந்தரத் தொட்டிக்கு வாய்க்காலில் தலையில் வெள்ளைப் புள்ளி மின்ன மேலாகவே நீந்தும் நாட்டுச் சிறுமீனைப் பிடித்து விடலாம். கம்பூசியா என்ற வெளிநாட்டுக் கொசுமீன் வேண்டாம், அது தப்பினால் வாய்க்காலின் மற்ற மீன்குஞ்சையும் தவளைக்குஞ்சையும் தின்றுவிடும்.

சுற்றியிருக்கும் வயலை நாம் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்து வயல்காரர் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் கொசுப்புழு காயும், தண்ணீரும் மிச்சம், சொல்லிப் பார்க்கலாம். கூண்டை மாட்டுத் தொழுவத்தை ஒட்டி வைக்காதீர்கள். நெல் வயல் கொசுவுக்கு மாடு என்றால் கொள்ளை ஆசை. மாட்டைத் தேடி வந்த கூட்டத்தில் ஒரு பங்கு பக்கத்துக் கூண்டுக்கும் வரும்.

புகை மட்டும் வேண்டவே வேண்டாம். வேப்பிலை மூட்டம் நம் வீட்டுத் திண்ணைக்குச் சரி. பறவையின் நுரையீரலும் காற்றுப்பைகளும் புகையை நம்மைவிட வேகமாக உள்வாங்கும். கொசுவத்தி, ஆவியாகும் திரவம், உடம்பில் பூசும் களிம்பு எல்லாம் இதில் சேர்த்தி. இறகில் பட்டதை அது அலகால் கோதித் தின்றுவிடும். ஊராட்சி கொசுப்புகை வண்டி வரும் நாளைத் தெரிந்துகொண்டு, பறவையைப் பெட்டியில் வைத்து மூடிய அறைக்கு மாற்றுங்கள். பெர்மெத்ரின் பூச்சிமருந்து ஏற்றிய வலையை வெளிச்சட்டத்தில், அலகு எட்டாத தூரத்தில் போடலாம். அதை வாய்க்காலில் மட்டும் அலசாதீர்கள், மீன் செத்து மிதக்கும். தரைக்கு வைக்கோல் விரிப்பதும் டெல்டாப் பழக்கம். ஈரம் பட்ட வைக்கோலில் பூஞ்சை பிடித்து மூச்சுநோய் வரும். ஆற்று மணல் போதும்.

இரை வழியாகவும் நோய் வரும். வெஸ்ட் நைல் வந்த பறவையைத் தின்ற வேட்டைப் பறவைக்கும் அது தொற்றும் என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். செத்துக் கிடந்த காக்கையையும் புறாவையும் தூக்கிப் போடாதீர்கள். தஞ்சாவூர் எலிக்கிட்டியில் விழுந்த வயல் எலி நல்ல இரை, விஷம் வைக்காத வயலா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் தராசு காட்டிக்கொடுக்கும். 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசில் தினமும் காலை, இரைக்கு முன் நிறுத்துங்கள். 600 கிராம் பருந்து 540-க்கு இறங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி பளிச்சென்ற பச்சையாக மாறினால் சிவப்பணு உடைகிறது அல்லது கல்லீரல் கெடுகிறது. வாய்க்குள் வெளிறல், கட்டையில் ஏறத் தயக்கம் இவை மலேரியா பக்கம். தலை நடுக்கம், தள்ளாட்டம், பார்வை மங்கல், வளரும் சிறகிறகு அடியில் கிள்ளியதுபோல் சிறுத்து உதிர்தல் இவை வெஸ்ட் நைல் பக்கம். எலி விஷமும் தலையில் அடிபட்டதும் இதே தள்ளாட்டத்தைக் காட்டும், அதனால் பார்த்ததும் முடிவு கட்ட வேண்டாம்.

ஒரு சொட்டு ரத்தத்தில் கண்ணாடிச் சில்லில் பூச்செடுத்து, மெத்தனாலில் நிலைநிறுத்தி, ஜீம்சா சாயம் ஏற்றினால் ஒட்டுண்ணி தெரியும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி டெல்டாக்காரர்களுக்குக் கையெட்டும் தூரம். படித்துச் சொல்பவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியமா, அதைப்போலவே தெரியும் ஹீமோபுரோட்டியஸா? இரண்டாவதைக் கொசு பரப்புவதில்லை. இறகுக்குள் தட்டையாக ஊர்ந்து ஓடும் பறவை ஈயும், கொசுவைவிடச் சின்னதான கூலிகாய்டஸ் என்ற கடிபூச்சியும் பரப்புபவை. மலேரியா உறுதியானால் குளோரோகுயினும் பிரைமாகுயினும் சேர்த்துக் கொடுப்பார்கள். முன்னதில் பலனளிக்கும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. மனித மாத்திரையை உடைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அம்மைப் பொருக்கைப் பிய்க்கக் கூடாது. பிய்த்த இடம் ரத்தம் கசியும், பொருக்குத் தூளில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெளிர்த் தேநீர் நிறத்துக்கு நீர்த்த பொவிடோன் அயோடினைத் தொட்டு வையுங்கள், கண்ணுக்குள் போகாமல். இமை மூடிப் பார்வை மறைந்தால் இரையை இடுக்கியால் வாயருகே நீட்ட வேண்டியிருக்கும். அந்தப் பறவைக்கான கையுறை, தட்டு, கட்டை எல்லாம் தனி; வேலையிலும் அதைக் கடைசியாகக் கவனியுங்கள்.

இறந்துவிட்டால் கையுறையோடு இரண்டு பைகளில் கட்டி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், சாப்பாட்டுப் பொருள் இல்லாத பெட்டியில் வைத்து, மறுநாளே உடற்கூறு ஆய்வுக்குக் கொண்டுபோங்கள். ஃப்ரீசரில் உறைந்தால் திசு சிதைந்து பாதி பதில் போய்விடும்.

பிழைத்து விடுதலைக்குத் தயாரான பறவையின் ரத்தத்தில் கொஞ்சம் ஹீமோபுரோட்டியஸ் தெரிந்தால் அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம். எடை நிலைத்து, பறப்பு சரியாக இருந்தால் போகட்டும். வெளியிலும் அது இருக்கத்தான் இருக்கிறது. அம்மைப் பறவையை மட்டும் கடைசிப் பொருக்கும் தானாக உதிர்ந்து, அடியில் தோல் மூடும் வரை வலைக்குள்ளேயே வையுங்கள்.